பாவ அறிக்கைக்கு ஒரு தேதி வேண்டும்

1945-ஆம் ஆண்டு, போர் முடிந்த சில மாதங்களில், மார்ட்டின் நீமோலர் என்ற ஜெர்மானியப் போதகர் தம் மனைவியுடன் டாஹாவ் வதைமுகாமுக்குப் போனார். ஹிட்லரின் கைதியாக அவர் அங்கே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அடைபட்டிருந்தார். தாம் இருந்த அறையை மனைவிக்குக் காட்டத்தான் போனது. பிணங்களை எரித்த கட்டடத்துக்கு அருகே ஒரு பலகை இருந்தது. எத்தனை பேர் அங்கே எரிக்கப்பட்டார்கள் என்ற கணக்கும், 1933 முதல் 1945 வரை என்ற ஆண்டுகளும் அதில் எழுதியிருந்தன. எண்ணிக்கையைவிட அந்த ஆண்டுகளே தம்மை உலுக்கியதாக அவர் பிற்பாடு பல கூட்டங்களில் சொன்னார்.

அவரைக் கைது செய்தது 1937 ஜூலை 1 அன்று. அதற்குப் பிறகு எங்கே இருந்தாய் என்று கடவுள் கேட்டால் அவரிடம் பதில் உண்டு: சிறையில் இருந்தேன். அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளுக்கு? அப்போது அவர் பெர்லினில் டாலெம் சபையின் போதகர். யாரும் அவரைக் கட்டிப்போடவில்லை. பிரசங்கபீடம் அவர் வசம் இருந்தது. ஹிட்லரின் கட்சிக்கு வாக்களித்தவரும்கூட.

அவரைப் பற்றி நியாயமாகவும் சொல்ல வேண்டும். யூதப் பூர்வீகம் கொண்ட போதகர்களைத் திருச்சபைப் பணியிலிருந்து நீக்கும் விதியை எதிர்த்து 1933-இல் ஆயிரக்கணக்கான போதகர்களைத் திரட்டியவர் அவர்தான். ஆனால் அந்தப் போராட்டம் திருச்சபையின் மதிலுக்குள்ளேயே நின்றது. வெளியே முகாமுக்கு இழுத்துச் செல்லப்பட்ட கம்யூனிஸ்டுகளுக்காகவும் யூதர்களுக்காகவும் அவர் வாய் திறக்கவில்லை. அதைப் பிறகு தம் வாயாலேயே சொன்னார்.

நான் லுத்தரன் பள்ளியொன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். லெந்து நாட்களில் எங்கள் சபை வாலிபர்களுக்கு வேதபாடம் எடுக்கிறேன். நீமோலர் கதையைச் சொன்னால், “அந்த ஊர்க்காரர் கதை நமக்கு எதுக்கு டீச்சர்?” என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். நமக்கு அது அந்நியக் கதை இல்லை. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு அந்த மண்ணின் லுத்தரன் திருச்சபையில் பிறந்து வளர்ந்தவர். நாங்கள் பாடும் ஞானப்பாட்டுகளில் எத்தனையோ அங்கிருந்து வந்தவை. வேதத்தை நன்றாக அறிந்த ஜனங்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்கள் எப்படி விழுந்தார்கள் என்பது எங்களுக்கு வீட்டுக் கேள்வி.

எச்சரிப்பு கிடைக்காமலும் இல்லை. ஹிட்லர் பதவியேற்றது 1933 ஜனவரி 30. இரண்டே நாள் கழித்து, பிப்ரவரி 1 அன்று, டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற இளம் இறையியல் ஆசிரியர் பெர்லின் வானொலியில் பேசினார். தன்னைத் தெய்வமாக்கிக்கொள்ளும் தலைவன் ஜனங்களை வழிதப்பச் செய்வான் என்பது அந்தப் பேச்சின் சாரம். பேசி முடிப்பதற்குள் ஒலிபரப்பு நின்றுபோனது. அதே ஆண்டு, யூதர்கள் விஷயத்தில் திருச்சபையின் கடமை என்ன என்று கட்டுரை எழுதினார். 1937-இல் வெளியான சீஷத்துவம் பற்றிய நூலில், மனந்திரும்பாமலே மன்னிப்பை எடுத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு ‘மலிவான கிருபை’ என்று பெயர் வைத்தார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அப்போது அவருக்கு 39 வயது.

எச்சரிப்பைப் பற்றி வேதாகமத்தில் மிகத் தெளிவாகப் பேசுகிற இடம் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகம், 33-ஆம் அதிகாரம். பட்டணத்து மதிலில் காவலாளன் நிற்கிறான். பகைவர் படை வருவதைக் கண்டு எக்காளம் ஊதுகிறான். கேட்டும் அலட்சியமாக இருந்தவன் செத்தால் பழி செத்தவன் மேல்தான். காவலாளன் ஊதாமல் இருந்து ஜனங்கள் செத்தால், அந்த இரத்தப்பழி காவலாளனிடம் கேட்கப்படும். சொல்ல வேண்டியவனுக்கு ஒரு கணக்கு, கேட்க வேண்டியவனுக்கு வேறு கணக்கு. ஒருவன் கணக்கை மற்றவன் தீர்க்க முடியாது. போன்ஹோஃபர் ஊதினார். கேட்டவர்கள் தங்கள் பங்குக்கு என்ன செய்தார்கள் என்பதே மீதிக் கேள்வி.

பொறுப்பேற்பது எப்படி என்று வாலிபர்கள் கேட்கும்போது நான் தாவீது ராஜாவைக் காட்டுவேன். உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகக் கொடுத்தவன் அவன். நாத்தான் தீர்க்கதரிசி வந்து, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய பணக்காரனின் கதையைச் சொல்ல, தாவீது அந்தப் பணக்காரன்மேல் கொதித்தெழுந்தான். அந்த ஆள் வேறு யாருமில்லை என்று நாத்தான் முகத்துக்கு நேரே சொன்னதும், தாவீது ஒரே வாக்கியத்தில் பாவத்தை ஒப்புக்கொண்டான். பத்சேபாளைக் குறை சொல்லவில்லை, ராஜாக்கள் வழக்கம் இது என்று சொல்லவில்லை. மன்னிப்பு அப்போதே கிடைத்தது. ஆனால் விளைவுகள் நீங்கவில்லை. அவன் வீட்டில் சாவும் சண்டையும் தொடர்ந்தன. மன்னிப்பு என்றால் நடந்ததெல்லாம் துடைத்துப்போடப்படும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

1945 அக்டோபர் 18, 19 தேதிகளில் ஜெர்மன் புராட்டஸ்டன்ட் திருச்சபைத் தலைவர்கள் ஸ்டுட்கார்ட் நகரில் கூடினார்கள். பதினொரு பேர் குற்ற அறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டு, வெளிநாட்டுத் திருச்சபைப் பிரதிநிதிகளிடம் கொடுத்தார்கள். அவர்களில் நீமோலரும் ஒருவர். எங்களால் பல நாடுகளுக்கு முடிவில்லாத துன்பம் நேர்ந்தது என்று அது ஒப்புக்கொண்டது. சொந்த நாட்டில் எதிர்ப்பு கிளம்பியது. குண்டுவீச்சில் வீடிழந்தவர்கள், எங்களிடமா குற்ற அறிக்கை கேட்கிறீர்கள் என்று கொதித்தார்கள். 1946 ஜனவரியில் ஏர்லாங்கன் நகரில் நீமோலர் குற்றத்தைப் பற்றிப் பேசியபோது மாணவர்கள் கலகம் செய்தார்கள். அவர் பேசுவதை நிறுத்தவில்லை. டாஹாவ் பலகையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே ஊர் ஊராகப் போனார்.

அந்த அறிக்கையை நான் மதிக்கிறேன். ஆனாலும் அதில் யூதர் என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை. இன்னும் துணிவாகச் சாட்சி சொல்லியிருக்கலாம், இன்னும் உண்மையாக ஜெபித்திருக்கலாம் என்று அளவைப் பற்றி வருந்துகிறது. யாருக்கு என்ன செய்தோம் என்று சொல்லவில்லை. யூதர்கள் விஷயத்தில் நாங்களும் குற்றவாளிகள் என்று அந்தத் திருச்சபையின் மாமன்றம் வெளிப்படையாகச் சொன்னது 1950-இல், பெர்லின் வைசன்சேயில்.

‘எல்லாரும் பாவிகள்தானே’ என்று நம் சபைகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உபதேசமாக அது சரி. ஆனால் ஒளிந்துகொள்ள அதைவிட வசதியான இடம் கிடையாது. கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு மூலை என்று முடிவெடுத்த கூட்டத்தில் கை தூக்கியவரும், சம்பந்தம் பேசுகையில் நகைக் கணக்கைக் கேட்டும் வாயை மூடிக்கொண்டிருந்த பெரியவரும் ஞாயிறு காலையில் அதே பொதுப் பாவ அறிக்கையை எங்களோடு சேர்ந்து சொல்கிறார்கள். ஒருவர் முகத்திலும் சலனம் இல்லை.

இந்த ஞாயிறு ஆலயத்துக்குப் போகிறவர்கள் பாவ அறிக்கை சொல்லும் முன் ஒரு தேதியையும் ஓர் ஆளின் பெயரையும் மனதில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆராதனை முடிந்ததும் அந்த ஆள் வீட்டுக்குப் போங்கள்.