கடுந் தொய்வும் பரம்பரையலகுகளின் தொழிற்பாடும்

ஈழை என்று வைத்திய நூல்களும், தொய்வு என்றும் முட்டு என்றும் ஊரவரும் வழங்கும் நோய் ஒன்றே என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. ஆயினும், ஒரே மருந்தை ஒரே அளவில் எடுக்கும் நோயாளர் இருவருள் ஒருவர் சில வாரங்களில் வயல்வரம்பில் நடக்கவும் படியேறவும் வல்லவராகிவிட, மற்றவர் நள்ளிரவில் தலையணைகளை அடுக்கி அவற்றின்மேற் சாய்ந்து, பேசுதற்கும் மூச்சின்றி விடியலை எதிர்பார்த்திருப்பதை மருத்துவர்கள் எந்நாட்டிலும் கண்டு வந்துள்ளனர். மருந்தை ஒழுங்காக எடுக்கவில்லை என்ற பழி இரண்டாமவர்மீது எளிதில் விழுந்துவிடும். சிலரளவில் அது மெய்யே. ‘பம்ப்’ எனப்படும் மருந்தூதியைப் பிழையாகக் கையாண்டு, மருந்து நெஞ்சினுட் செல்லாது தொண்டையிலேயே படியவிடுவோர் பலர். இக்குறைகளையெல்லாம் நீக்கிய பின்னரும், உயர்ந்த அளவு மருந்துக்கும் அடங்காது நிற்பதையே கடுந் தொய்வு என இன்று பெயரிடுகின்றனர். தொய்வாளர் நூற்றுவரில் ஐவர் முதற் பதின்மர் வரையினரே இவ்வகையினர். இது சிறு தொகையாகத் தோன்றலாம். ஆனால் 2019ஆம் ஆண்டில் உலகில் 26 கோடிக்கு மேற்பட்டோர் தொய்வுற்றிருந்தனர் என்றும், அவ்வாண்டில் மட்டும் ஏறக்குறைய 4 இலட்சத்து 55 ஆயிரம் பேர் அந்நோயால் இறந்தனர் என்றும் உலக சுகாதார தாபனம் கணக்கிட்டுள்ளதை நோக்கின், அத்தொகையின் பெருமை விளங்கும்.

தொய்வின்போது நெஞ்சினுள் நிகழ்வன மூன்று. சுவாசக்குழாய்களைச் சூழ்ந்த தசை இறுகுகின்றது. குழாயின் உட்சுவர் அழற்சியுற்று வீங்குகின்றது. தடித்த சளி வழியை அடைக்கின்றது. இவற்றைப் பின்னின்று இயக்குவது யாது?

மனித உடலின் கலங்களில் ஏறக்குறைய 20,000 பரம்பரையலகுகள் உள. ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு புரதத்தை ஆக்குதற்குரிய கட்டளையாகும். கண்ணின் கலத்திலும் ஈரலின் கலத்திலும் இருப்பவை ஒரே கட்டளைகளே. பாடசாலை முழுமைக்குமுரிய நேரசூசி எல்லா வகுப்பறைகளிலும் தொங்கினாலும், அவ்வவ் வகுப்பு தனக்குரிய பகுதியை மட்டும் பார்த்து நடப்பது போல, ஒவ்வொரு கலமும் தனக்கு வேண்டிய கட்டளைகளை மட்டுமே படியெடுத்து நிறைவேற்றுகின்றது. ஏனையவை வாளாகிடக்கும். இப்படியெடுப்பையே பரம்பரையலகின் தொழிற்பாடு என்பர். 2007ஆம் ஆண்டில், பிள்ளைப்பருவத் தொய்வோடு 17ஆம் நிறமூர்த்தத்தின் ஒரு பகுதி தொடர்புடையது என்று ஆய்வாளர் கண்டனர். அப்பொழுதும், அங்குள்ள பரம்பரை வேறுபாடுகள் ஓ.ஆர்.எம்.டி.எல்.3 என்னும் அலகு எவ்வளவு படியெடுக்கப்படுகின்றது என்பதோடு இணைந்து செல்வதே புலனாயிற்று. ‘தகப்பனுக்கு முட்டு, அதனால் மகனுக்கும் முட்டு’ என்று நாம் சொல்வதனுள் இவ்வளவு நுட்பம் அடங்கியுள்ளது.

இனி, நோயாளரின் சுவாசக்குழாயினுள் உண்மையில் எக்கட்டளைகள் நடைமுறையில் உள்ளன என்பதை எவ்வாறு அறிவது? அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழக ஆய்வாளர், நுண்ணிய தூரிகை ஒன்றைக் குழாயினுட் செலுத்தி, உட்சுவரின் கலங்களை வருடி எடுத்துச் சோதித்தனர். பெரியோஸ்டின் முதலிய சில புரதங்களுக்குரிய அலகுகள், நலமுடையோரிலும் பார்க்கத் தொய்வாளரில் மிகுதியாகத் தொழிற்பட்டன. அவற்றைத் தூண்டுவது இன்ரர்லூக்கின்-13 என்னும் தூதுப் புரதம். 2009ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவு இதனினும் வியப்பானது. தொய்வாளருள் ஏறக்குறைய பாதிப்பேரிலேயே இவ்வலகுகள் விழித்திருந்தன. ஊதி எடுக்கும் ஸ்டீரொயிட் மருந்தால் மூச்சு நன்கு தெளிந்ததும் அப்பாதியினருக்கே. மற்றப் பாதியினர் அதனாற் பெரும்பயன் பெற்றிலர். பழி சுமந்த நோயாளருட் சிலருக்கேனும் இம்முடிவு நியாயம் வழங்கியது.

ஸ்டீரொயிட் மருந்து தானும் பரம்பரையலகுகளின் வழியாகவே வேலை செய்கின்றது. அது கலத்தினுட் புகுந்து, அங்குள்ள ஏற்பி ஒன்றோடு இணைந்து, கருவை அடைந்து, அழற்சியை வளர்க்கும் அலகுகளை அடக்கி, அழற்சியைத் தணிக்கும் அலகுகளை எழுப்புகின்றது. ஆதலின் அதன் பயன் உடனே தெரிவதில்லை. முழுப்பயன் காண நாட்களும் வாரங்களும் செல்லும். சல்பியூட்டமோல் என்னும் மருந்தோ இறுகிய தசையைச் சில நிமிடங்களில் நெகிழ்விக்கின்றது. உட்சுவரின் அழற்சியை அது தீர்ப்பதில்லை. உடனே சுகந்தரும் மருந்தையே மெய்யான மருந்தென நம்பி, நாளாந்தம் எடுக்கவேண்டியதைக் கைவிடும் வழக்கம் எங்கும் உண்டு. சில உயிர்கள் அதனாலேயே போயின என்பது துயரமானது.

ஸ்டீரொயிட்டுக்கு அடங்காதோரின் கதி என்ன? மெப்போலிசுமாப் என்னும் மருந்தின் வரலாறு இதனை நன்கு விளக்கும். இயோசினோபில் என்னும் வெண்குருதிக்கலங்களைப் பெருக்கி வளர்ப்பது இன்ரர்லூக்கின்-5. அதனைத் தடுக்கும் இம்மருந்தை, வேறுபாடு நோக்காது தொய்வாளர் பலருக்கும் கொடுத்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. 2007ஆம் ஆண்டின் ஆய்வு அவ்வாறே முடிந்தது. மருந்து கைவிடப்பட்டிருக்கலாம். ஆனால் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலும் கனடாவின் ஹமில்ற்றன் நகரிலும் இருந்த மருத்துவர், சளியில் இயோசினோபில் மிகுந்திருந்தோரை மட்டும் தெரிந்தெடுத்து மீண்டும் சோதித்தனர். 2009ஆம் ஆண்டில் வெளிவந்த லெஸ்டர் முடிவின்படி, ஏறக்குறைய ஓராண்டில் ஒருவருக்கு ஏற்பட்ட கடுந் தாக்குதல், போலிமருந்து பெற்றோரில் சராசரி 3.4 ஆக இருக்க, மருந்து பெற்றோரில் 2.0 ஆகவே இருந்தது. மாறியது மருந்தன்று, ஆளைத் தெரிந்த முறையே. அமெரிக்க அரசு 2015ஆம் ஆண்டில் அம்மருந்துக்கு அனுமதி வழங்கியது. விலையோ சாதாரண குடும்பத்துக்கு எட்டாதது.

இவ்விரு தூதுப் புரதங்களையும் சாராத கடுந் தொய்வும் உண்டு. அமெரிக்காவின் பிற்ஸ்பேக் பல்கலைக்கழகத்தார் 2015ஆம் ஆண்டில், கடுந் தொய்வாளர் பலரின் சுவாசக்குழாய்களில், கிருமிகளை எதிர்க்க உதவும் இன்ரபெரோன்-காமா மிகுந்திருப்பதையும், காப்புப் புரதம் ஒன்று குறைந்திருப்பதையும் கண்டனர். ஸ்டீரொயிட் இந்நிலையை எளிதில் மாற்றுவதில்லை. இவர்களுக்கு ஏற்ற மருந்தைத் தேடும் முயற்சி இன்னும் முடிந்தபாடில்லை.

பிறிதொரு செய்தியும் உண்டு. அழற்சி அலகுகளை மூடுதற்கு ஸ்டீரொயிட் துணைகொள்ளும் நொதியம் ஒன்று எச்.டி.ஏ.சி.2 என அழைக்கப்படும். கடுந் தொய்வில் அதன் வலிமை குன்றியிருப்பதை லண்டன் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். சிகரெட்டுப் புகையும் அந்நொதியத்தின் வலிமையைக் குறைக்கின்றது. புகைபிடிக்கும் தொய்வாளரில் ஸ்டீரொயிட்டின் பயன் குறைவதற்கு இதுவும் ஒரு காரணமெனக் கருதப்படுகின்றது.