தோலுக்குள் நுழையும் கொழுப்புக் குமிழ்கள்

நம் தோலின் மேலடுக்கு தாளைவிட மெல்லியது. பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரான் தடிமன்தான். ஆனாலும், பூசும் மருந்தில் பெரும்பகுதியை அது உள்ளே விடுவதில்லை. அங்கே இறந்த செல்கள் செங்கல்லாக அடுக்கியிருக்கின்றன; செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் இடையில் சாந்தாக நிற்கின்றன. நீரில் கரையும் மருந்துகளை மறிப்பது அந்தச் சாந்துதான்.

கொழுப்பு காக்கும் வாசலைக் கொழுப்பாலேயே கடக்க முடியுமா? கொழுப்பாலான லிப்போசோம் என்னும் நுண்குமிழ்களை 1960-களில் இங்கிலாந்தில் அலெக் பாங்ஹம் கண்டறிந்திருந்தார். 1980-இல் கனடாவில் மெசெய், குலசேகரம் என்ற இரு ஆய்வாளர்கள், அந்தக் குமிழ்களில் ஸ்டீராய்டு மருந்தை அடைத்து முயல்களின் தோலில் தடவிப் பார்த்தார்கள். சாதாரணப் பூச்சைவிடப் பல மடங்கு மருந்து தோலிலேயே சேர்ந்தது. உடலின் மற்ற பாகங்களுக்குப் போனதோ குறைவு. இந்த இரண்டாவது செய்திதான் பெரிது. நோய் தோலில் இருக்கும்போது, ஸ்டீராய்டு ரத்தத்தில் கலந்து பக்கவிளைவுகளைத் தருவானேன்?

1990-களில், உடல் சூட்டிலும் உருகாத கொழுப்பில் செய்த நானோ துகள்கள் வந்தன. பூசியதும் இவை மெல்லிய படலமாகப் படிந்து, தோலின் ஈரம் ஆவியாகாமல் தடுக்கின்றன. ஈரம் ஏறிய தோல் சற்று நெகிழ்ந்து மருந்துக்கு வழிவிடுகிறது. துகள்கள் பெரும்பாலும் முழுதாக உள்ளே போவதில்லை. மேலடுக்கிலும் மயிர்க்கால்களிலும் தங்கி, மருந்தை மட்டும் மெல்ல மெல்லக் கசியவிடுகின்றன.