வெள்ளித் தோல் போர்த்திய செம்பு

கொடைரோடு வாசகர் ஒருவர் கேட்கிறார்: கோவை வெள்ளலூர்ப் புதையல்களின் ரோமானிய வெள்ளிக் காசுகளில் பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் முகங்களே இருக்கின்றனவே, பிந்தைய பேரரசர்கள் எங்கே போனார்கள்?

கி.பி. 64-இல் நீரோ, காசின் எடையையும் வெள்ளியையும் சேர்த்தே குறைத்தான். அதன்பின் இங்கே வெள்ளிக்காசு வரத்து ஏறக்குறைய நின்றுபோனது. மட்டக்காசை நம் வணிகர்கள் தொடவில்லை என்பார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

அங்கே கதை இன்னும் கீழே போனது. 215-இல் காரகல்லா, கதிர்முடி சூடிய தன் தலையைப் பொறித்துப் புதுக்காசு வெளியிட்டான். மதிப்பு இரண்டு தினாரியஸ், அதாவது பழைய வெள்ளிக்காசு இரண்டு, என்கிறார்கள். உள்ளே இருந்த வெள்ளியோ ஒன்றரைக்குத்தான் காணும். 270 வாக்கில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை, மீதியெல்லாம் செம்பு.

ஆனாலும் பட்டறையிலிருந்து வெளுப்பாகவே வந்தது! என்னை மயக்குவது இந்த வித்தைதான். வெள்ளி பாதியளவு இருந்த நாளில் வில்லையைச் சுட்டார்கள். மேலே இருக்கும் செம்பு மட்டும் கறுக்கும். புளிப்பான கரைசலில் போட்டால் அந்தக் கறுப்பு கரைந்துவிடும், வெள்ளி கரையாது. கார்த்திகைக்கு முன் அம்மா செப்புக்குடத்தைப் புளி போட்டுத் தேய்ப்பாளே, அதே வேதியியல். மேலே எஞ்சிய வெள்ளி, பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக நிற்கும். அச்சு விழுந்த அடியில் அது நசுங்கித் தோலாகப் படிந்துவிடும். வெள்ளி அடியோடு வற்றிய பிறகு இது பலிக்கவில்லை; தனியாகவே வெள்ளி பூசினார்கள். 274-இல் அவுரேலியன் வெளியிட்ட காசில் இருபத்தொன்று என்று ரோமானிய எண்ணில் பொறித்திருக்கும். இருபது பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளி என்றே பலர் அதைப் படிக்கிறார்கள். மறைக்கவில்லை பாருங்கள், அந்த நேர்மையாவது இருந்தது.

பிற்காலப் பேரரசர்கள் நம் பக்கம் வராமலும் இல்லை. திண்டுக்கல் தாண்டிக் கரூரில் இறங்கினால், அமராவதி மணலில் கிடைத்தவை நான்காம், ஐந்தாம் நூற்றாண்டின் பொடிச் செப்புக்காசுகள். தினமலர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைப் பொறுமையாகப் படித்து நூலாக்கினார்.

இப்படி அகப்பட்ட காசுகளைப் புளியிலும் ஆசிட்டிலும் ஊறவைப்பவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. குடம் பளபளக்கும், மண்ணில் அரித்த காசிலோ பாசியோடு எழுத்தும் முகமும் உரிந்துபோகும். பிறகு அது எடைக்குத்தான் போகும்.

1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கும்போது, எந்தக் குழியில், எவ்வளவு ஆழத்தில், கூட என்ன ஓடு கிடந்தது என்பதையும் எழுதுங்கள். காசைக் கழுவ வேண்டாம்.