போனுக்கும் நினைவு உண்டு

கார்ட்லெஸ் போன் பார்த்திருக்கிறீர்களா? அதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, கையில் எடுத்துப் பேசும் ரிசீவர். மற்றொன்று, ரிசீவர் உட்காரும் பீடம். தொலைபேசிக் கம்பி பீடத்தில்தான் வந்து சேரும். பீடத்திற்குக் கரண்டும் வேண்டும். பீடத்திற்கும் ரிசீவருக்கும் நடுவில் கம்பி கிடையாது. பேச்சு ரேடியோ அலையாகப் போய் வருகிறது. அதனால் ரிசீவரைச் சமையலறைக்கும் வாசலுக்கும் எடுத்துப் போகலாம்.

எண்ணைப் பதிவது எப்படி?

செல்போன் எண்ணில் 10 இலக்கங்கள் உள்ளன. அவசரத்தில் கை நடுங்கும். ஓர் இலக்கம் மாறினாலும் வேறு யார் வீட்டிலோ மணி அடிக்கும். இதற்காகத்தான் போனில் நினைவு வசதி வைத்திருக்கிறார்கள். இதை மெமரி என்பார்கள். வேண்டிய எண்ணை ஒரு முறை பதிந்துவிட்டால் போதும். பிறகு ஓரிரண்டு பொத்தான்களை அழுத்தினாலே முழு எண்ணும் போய்விடும்.

எல்லாப் போனிலும் ஒரே முறை இல்லை. பல போன்களில் முறை இப்படி இருக்கும்:

1. மெமரி பொத்தானை அழுத்த வேண்டும்.
2. எண்ணை அழுத்த வேண்டும்.
3. மறுபடியும் மெமரி பொத்தானை அழுத்த வேண்டும்.
4. 1 முதல் 9 வரை ஏதாவது ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அதுதான் அந்த எண்ணுக்கு இடம்.

பொத்தான்களின் மேல் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். போனோடு ஒரு சிறு புத்தகம் வரும். தெரிந்தவரை அதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பழைய பதிவைச் சரி பாருங்கள்

வீட்டுப் போனிலிருந்து செல்போனைக் கூப்பிட வேண்டுமா? எண்ணுக்கு முன்னால் 0 சேர்க்க வேண்டும். 2021 ஜனவரி 15 முதல் இந்தியா முழுவதும் இதுதான் விதி. அதற்கு முன்பு உள்ளூர் செல்போனுக்கு 0 தேவைப்படவில்லை. அப்போது பதிந்த எண்களில் 0 இருக்காது. அந்தப் பொத்தானை இன்று அழுத்தினால் மகனுக்கு மணி அடிக்காது. போன் தானாகத் திருத்திக்கொள்ளாது. நாம் கொடுத்ததைத்தான் அது நினைவில் வைத்திருக்கும். ஆகவே 0 சேர்த்து மறுபடியும் பதியுங்கள். பிறகு ஒரு முறை கூப்பிட்டுப் பாருங்கள்.

112 என்பது நாடு முழுவதற்குமான அவசர எண். பல மாநிலங்களில் ஆம்புலன்சுக்கு 108. குழந்தைகளின் உதவிக்கு 1098. இவற்றின் முன்னால் 0 வேண்டாம். சோதித்துப் பார்க்க இந்த எண்களைக் கூப்பிடாதீர்கள். ஆபத்தில் இருப்பவருக்கு அந்த நேரம் தேவைப்படும்.

காதில் மாட்டும் ஹெட்செட்

சில ரிசீவர்களின் பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கும். ஹெட்செட்டை அதில் செருகலாம். காதில் ஒலி கேட்கும். வாயருகே உள்ள மைக் நம் பேச்சை அனுப்பும். இரண்டு கைகளும் வேலை செய்யலாம். டாக்டர் மருந்தின் பெயர் சொல்லும்போது எழுதிக்கொள்ளலாம். வயலில் அடிபட்டவரின் காயத்தை அழுத்திப் பிடித்தபடி பேசலாம்.

செல்போன் ஹெட்செட் எல்லாம் இதற்குப் பொருந்தாது. பல கார்ட்லெஸ் போன்களில் துளை சிறியது, 2.5 மில்லிமீட்டர். பல செல்போன் ஹெட்செட்களின் முனை 3.5 மில்லிமீட்டர். பலமாகத் திணித்தால் துளை கெட்டுவிடும். அடுப்பருகிலும் தையல் மெஷினிலும் ஹெட்செட்டின் கம்பி மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போனால்?

கரண்ட் போனால் பீடம் வேலை செய்யாது. ரிசீவரில் பேட்டரி இருந்தாலும் பேச முடியாது. செம்புக் கம்பி இணைப்பு உள்ள வீட்டில் கம்பி உள்ள சாதாரண போன் ஒன்றும் இருக்கட்டும். அதற்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்து கம்பி வழியாகவே வருகிறது. கண்ணாடி இழை இணைப்பு என்றால் அங்குள்ள மோடத்திற்கும் கரண்ட் வேண்டும்.

ரிசீவரில் திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏறும் பேட்டரியை மட்டுமே போடுங்கள். சாதாரண செல்லைப் போட்டுச் சார்ஜ் ஏற்றினால் அது கசியும், வெடிக்கவும் கூடும். சில போன்களில் பேட்டரி முழுதும் தீர்ந்தால் பதிந்த எண்களும் அழிந்துவிடும்.

எழுதி வையுங்கள்

ஒரு தாளை எடுங்கள். “1 – மகன். 2 – ஆம்புலன்ஸ். 3 – பக்கத்து வீடு” என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். பக்கத்தில் முழு எண்ணையும் எழுதுங்கள். பீடத்திற்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். போன் மறந்தாலும் தாள் மறக்காது. வீட்டில் உள்ள எல்லோரும் அதைப் படிக்கலாம்.

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டுக்கு முக்கியமான ஐந்து எண்கள் எவை? அவற்றில் எந்த எண்ணுக்கு முன்னால் 0 வேண்டும்?