கபில வளையத்தில் அந்த இலத்திரன் யாருக்கு?

நைத்திரிக் ஒட்சைட்டு மூலக்கூறில் சோடி சேராத ஓர் இலத்திரன் உண்டு. இரும்பு போன்ற தாண்டல் உலோகத்துடன் பிணையும்போது அது இந்த இலத்திரனை உலோகத்துக்குக் கொடுக்கலாம். உலோகத்திடமிருந்து இன்னொன்றை வாங்கவும் செய்யலாம். கொடுத்தால் உலோகம், நைதரசன், ஒட்சிசன் மூன்றும் பெரும்பாலும் நேர்கோட்டில் அமையும், வாங்கினால் வளையும்.

மாத்தளை மாவட்டத்தில் உயர்தர இரசாயனவியல் படிக்கும் மாணவர் இரும்பும் நைத்திரிக் ஒட்சைட்டும் பிணைந்த சேர்மத்தைக் கண்ணால் காண்பது நைத்திரேற்றை இனங்காணும் கபில வளையச் சோதனையில்தான். நைத்திரேற்றுக் கரைசலுடன் பெரசு சல்பேற்றைக் கலந்து, சோதனைக்குழாயைச் சரித்து, செறிந்த சல்பூரிக்கமிலத்தைச் சுவர் வழியே மெல்ல விட்டால் இரு படைகளும் சந்திக்கும் இடத்தில் கபில வளையம் தோன்றும். மூன்று இரும்பு அயன்கள் தலைக்கு ஓர் இலத்திரன் இழக்க, நைத்திரேற்று நைத்திரிக் ஒட்சைட்டாகத் தாழ்த்தப்படுகிறது. அந்த வாயு, எஞ்சிய இரும்பு அயனைச் சூழ்ந்த ஆறு நீர் மூலக்கூறுகளில் ஒன்றை வெளியேற்றி அதன் இடத்தைப் பிடிக்கிறது. கபில நிறம் இந்தச் சிக்கல் அயனுக்குரியது.

இதில் இரும்பின் ஒட்சியேற்ற எண் +1 என்றே பாடநூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. காந்த அளவீட்டில் சோடி சேராத மூன்று இலத்திரன்கள் தெரிந்தது அதற்கு ஆதாரம். ஆனால் +3 இரும்பின் ஐந்து தனி இலத்திரன்களில் இரண்டை, இலத்திரன் வாங்கிய நைத்திரிக் ஒட்சைட்டின் இரண்டு இலத்திரன்கள் எதிர்ச்சுழற்சியால் ஈடுசெய்தாலும் மூன்றே மிஞ்சும். 2002இல் வான் எல்டிக் குழுவினர் முன்வைத்த விளக்கம் இது. 2019இல் மியூனிக்கில் கிளூஃபர்ஸ் குழுவினர் அந்த அயனைப் படிகமாகவே பெற்று ஆராய்ந்தனர். அங்கும் +1 பொருந்தவில்லை. உண்மையில் அந்த இலத்திரன்கள் இரு தரப்பும் பங்கிடும் பிணைப்பில் இருக்கின்றன. அதனால்தான் எனிமார்க், ஃபெல்தம் இருவரும் 1974இலேயே, உலோகத்தையும் நைத்திரிக் ஒட்சைட்டையும் ஒரே அலகாகக் கொண்டு இலத்திரன்களை எண்ணும் முறையை வகுத்தனர். அதுவே நேர்மையான கணக்கு.

கடும் உயர் இரத்த அழுத்தத்துக்கு நாளத்தில் ஏற்றப்படும் சோடியம் நைத்திரோபுருசைட்டில் நிலைமை வேறு. இங்கு நைத்திரிக் ஒட்சைட்டு இலத்திரனைக் கொடுத்த நிலையில் இரும்புடன் இறுகியிருக்கிறது. உடலில் ஓர் இலத்திரன் வந்து சேர்ந்ததும் பிணைப்புகள் தளர்ந்து, வாயு விடுபட்டு, இரத்தக் குழாய்களை விரிக்கிறது.

தம்புள்ளை, கலேவெல வயல்களின் நீர் தேங்கிய மண்ணிலும் இதே வேதியியல் நடக்கிறது. ஒட்சிசன் கிடைக்காத பற்றீரியாக்கள் உரத்திலிருந்து வரும் நைத்திரேற்றைச் சுவாசத்துக்குப் பயன்படுத்துகின்றன. அவற்றின் நொதியத்திலுள்ள இரும்பு, அப்போது உண்டாகும் இரண்டு நைத்திரிக் ஒட்சைட்டு மூலக்கூறுகளுக்கு இரண்டு இலத்திரன்களைக் கொடுத்து நைதரசு ஒட்சைட்டாக இணைக்கிறது. அதில் ஒரு பகுதி வளியில் கலக்கிறது. நூறாண்டுக் கணக்கில், அவ்வாயு சமநிறை காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 270 மடங்கு புவியை வெப்பமாக்க வல்லது.