கிட்டாருக்கும் ஓர் இருப்பிடம் வேண்டும்

1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்டது. குழல் ஆர்கனின் சிறப்பை எடுத்துரைத்த அந்த ஏடு, வழிபாட்டிற்குத் தகுதியான பிற இசைக்கருவிகளையும் உரிய அதிகாரிகளின் இசைவோடு பயன்படுத்தலாம் என்று கூறியது. அதன் பின்னர், நம் பங்குகளில் ஆர்மோனியமும் தபேலாவும் இருந்த பாடகர் குழுக்களில் கிட்டாரும் வந்து சேர்ந்தது. இன்று காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பகுதிகளின் சிற்றூர்களிலும் கிட்டார் பழகும் பிள்ளைகளைக் காண்பது அரிதன்று.

ஆயினும், கிட்டாரை வாங்குவதில் காட்டும் ஆர்வத்தை, அதனை வைக்கும் இடத்தில் நாம் காட்டுவதில்லை. வீணையைத் தரையில் கிடத்தி வைப்போம். மிருதங்கத்திற்கு உறை உண்டு. ஆர்மோனியத்திற்கு அதன் பெட்டியே காவல். கிட்டாரை மட்டும் சுவரின் மூலையில் சாய்த்துவிட்டுப் போகிறோம். துடைப்பம் பட்டாலும், பந்து உருண்டாலும், மின்விசிறியின் காற்றில் திரைச்சீலை அசைந்து மோதினாலும் அது வழுக்கி விழுந்துவிடும்.

விழுந்தால் பெரும்பாலும் முறிவது கழுத்தும் தலையும் சேருமிடமே. ஆறு முறுக்காணிகளைச் சுமக்கும் தலைப்பகுதி கனமானது. அதற்கு நேர் கீழே கழுத்து மிக ஒடுங்கியிருக்கும். பல கிட்டார்களில் தலை சற்றே பின்புறம் சாய்ந்திருப்பதால், மல்லாந்து விழும்போது அடி முழுவதும் அதன்மீதே படும். எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோகிராம் விசையோடு கழுத்தை எந்நேரமும் இழுத்துக்கொண்டிருக்கின்றன என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். பெற்றோர் சிறுகச் சிறுகச் சேமித்து வாங்கித் தந்த கருவி, ஒரு நொடியில் பயனற்றுப் போகலாம்.

இதனைத் தவிர்க்க எளிய வழி ஒரு தாங்கி. கடைகளில் இதனை ஸ்டாண்டு என்றே கேட்டு வாங்கலாம். வாங்குமுன் மூன்றினைக் கவனியுங்கள். முதலாவது, கால்கள் நன்கு அகன்று விரிய வேண்டும். விரித்தபின் விரலால் மெல்லத் தள்ளினால் ஆடலாகாது. இரண்டாவது, கிட்டாரின் அடிப்பகுதியைத் தாங்கும் இரு கைகளும், உங்கள் கருவியின் பருமனுக்கு ஏற்றவாறு இருத்தல் வேண்டும். மூன்றாவது, கழுத்தைப் பிடிக்கும் கவையில் ஒரு பட்டையோ பூட்டோ இருப்பது நலம். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இது இன்றியமையாதது. கழுத்துப் பிடி இல்லாத, குட்டையான தாங்கி எடுத்துச் செல்ல எளிது. ஆனால் ஆள் நடமாட்டம் உள்ள இடத்திற்கு ஏற்றதன்று.

தாங்கியில் கிட்டார் படும் இடங்களில் ரப்பரோ பஞ்சுறையோ சுற்றியிருப்பார்கள். நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பழைய வகை மெருகு பூசிய கருவிகளில், சிலவகை ரப்பர் நாட்பட ஒட்டி, மெருகை இளக்கிக் கறைப்படுத்திவிடும். இக்காலத்து விலை குறைந்த கிட்டார்களின் மெருகு பெரும்பாலும் வேறு வகையானது. எனினும் ஐயமிருப்பின், ரப்பரின்மீது பழைய பருத்தித் துணியைச் சுற்றிவிடுங்கள். செலவில்லாத பாதுகாப்பு அது.

கடையில் வாங்க இயலாதோர் உள்ளூர்த் தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். கிட்டாரையே கொண்டுபோய் அளவு கொடுப்பது நல்லது. முன்பக்கம் கருவி நழுவாதிருக்கச் சிறு தடுப்பு வேண்டும். முதுகு சற்றே பின்சாய்ந்திருக்க வேண்டும். ஆணித்தலை எதுவும் வெளியே துருத்தக் கூடாது. சுவரில் மாட்டும் கொக்கியாயின், சுவரைத் துளையிட்டு, அடைப்பான் செருகி, திருகாணியால் முடுக்க வேண்டும். நாட்காட்டிக்கு அடிக்கும் ஆணியை நம்பிக் கிட்டாரைத் தொங்கவிடலாகாது.

தாங்கியைப் போலவே, அதனை நிறுத்தும் இடமும் முக்கியமானது. நம் கரிசல் பூமியில் சித்திரை, வைகாசி மாதங்களில் வெயில் 40 டிகிரி செல்சியசை நெருங்கும்; ஐப்பசி, கார்த்திகையிலோ மழையின் ஈரம். மரம் ஈரத்தில் பருக்கும், வறட்சியில் சுருங்கும். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு வரை இருப்பதே கிட்டாருக்கு ஏற்றது என்பர் அதனைச் செய்வோர். கோடையில் கழுத்தின் ஓரமாக விரலை ஓட்டிப் பாருங்கள். மெட்டுக் கம்பிகளின் நுனி உறுத்தினால், மரம் காய்ந்து சுருங்கிவிட்டது என்று பொருள். ஆகவே சன்னலோரம், மேற்கு வெயில் ஏறும் சுவர், தகரக் கூரையின் கீழ், மின்விசிறிக்கு நேர் எதிர் ஆகிய இடங்கள் வேண்டா. உட்சுவரின் அருகே, நடைவழியை விட்டு விலகிய இடமே உகந்தது.

அன்றாடம் வாசிப்போருக்குத் தாங்கி. பல நாள் வாசிக்காதோருக்குப் பெட்டி. இதுவே நல்ல விதி. கடுங்கோடையில் துளையிட்ட சோப்புப் பெட்டிக்குள், நன்கு பிழிந்த ஈரப் பஞ்சை இட்டு, மரத்தில் ஈரம் படாதவாறு கிட்டார்ப் பெட்டியின் ஓரத்தில் வைத்து மூடினால் வறட்சி தணியும். நெடுநாள் வைப்பதாயின் தந்திகளைச் சற்றே தளர்த்திவிடுங்கள். ஆலயத்தில் திருப்பலி முடிந்ததும் தாங்கியோடு அங்கேயே விட்டுச் செல்லாமல், பெட்டியில் வைத்துப் பூட்டும் பொறுப்பைப் பாடகர் குழுவில் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். எல்லாருக்கும் பொதுவான பொருள் யாருக்கும் பொறுப்பில்லாததாகிவிடுவதை நாம் அறிவோம்.

ஒருவேளை கழுத்து முறிந்தேவிட்டால் மனம் உடைய வேண்டா. உடனே தந்திகளைத் தளர்த்துங்கள். சிதறிய சிம்புகளை ஒன்றுவிடாமல் காகிதத்தில் மடித்து வையுங்கள். கைக்குக் கிடைத்த பசையைத் தடவாமல், கருவி பழுதுபார்ப்பவரிடம் கொண்டு செல்லுங்கள். புதிதாய், சுத்தமாய் முறிந்த மரத்தைப் பெரும்பாலும் உறுதியாக ஒட்டிவிடலாம்.

ஒரு மரக்கருவிக்கு இத்தனை கவனமா என்று சிலர் கேட்கலாம். 1818ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் என்னும் சிற்றூரின் புனித நிக்கோலாஸ் ஆலயத்தில், ‘சைலன்ட் நைட்’ என உலகமெங்கும் பாடப்படும் கிறிஸ்து பிறப்புப் பாடல் முதன்முதலாக ஒலித்தது. பாடலை இயற்றியவர் அங்கு உதவிக் குருவாயிருந்த யோசேப்பு மோர். இசையமைத்தவர் பள்ளி ஆசிரியர் ஃபிரான்ஸ் குரூபர். இருவரும் பாடியபோது துணையாக ஒலித்தது ஒரு கிட்டார்தான். அந்த ஆலயம் ஆற்று வெள்ளத்தால் பழுதுற்று, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டுவிட்டது. கிட்டாரோ இன்றும் ஹலைன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல்லால் கட்டியது மறைந்தது. மெல்லிய பலகையால் செய்தது, பேணியவர்களின் கைகளால் நிலைத்தது.

எனவே, பிள்ளைக்குக் கிட்டார் வாங்கும் அன்றே அதற்கு ஒரு தாங்கியையும் சேர்த்து வாங்குங்கள். கண்ணெதிரே ஒழுங்காக நிற்கும் கருவியைப் பிள்ளைகள் நாள்தோறும் எடுத்து வாசிப்பார்கள். வாசித்தபின் உரிய இடத்தில் வைக்கவும் பழகுவார்கள். அண்ணன் பழகிய கிட்டாரில் தங்கையும், அவளுக்குப்பின் பங்கின் இளையோரும் பாடட்டும்.