ஏற்றத்தில் இளைக்கும் எஞ்சின்

சமநிலத்தில் விரைந்தோடும் பழைய மொரிஸ் மைனர் கார் ஒன்று, கடுகண்ணாவை ஏற்றத்தில் மூச்சிரைத்து நிற்கப் பார்க்கிறது. எஞ்சின் வேகமாய்ச் சுழலும்போது வலுவுக்குக் குறைவில்லை. மெல்லச் சுழலும்போதுதான் இழுவை இல்லை. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று முடிவுகட்டி, உருளைகளைக் கடைவதற்குப் பெரும்பணம் செலவிட்ட பின்னரும் இந்நோய் தீராமற் போவதுண்டு.

எஞ்சினின் வால்வுகளை உரிய வேளையில் திறந்து மூடச்செய்வது காம் தண்டு. அதனைக் கிராங் தண்டோடு இணைப்பது ஒரு சங்கிலி. பெற்றோற் கலவையை உள்ளே விடும் வால்வு, பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டவுடன் மூடிவிடுவதில்லை. மொரிஸ் மைனரிலே கிராங் தண்டு மேலும் 45 பாகை சுழன்ற பின்னரே அது மூடுகிறது. வேகமாய் ஓடும்போது கலவை தன் உந்தத்தினால், பிஸ்டன் மேலெழத் தொடங்கிய பின்னும் உட்புகுந்து கொண்டிருக்கும். ஆகவே இத்தாமதம் நன்மையே. மெதுவாய் ஓடும்போதோ அவ்வுந்தம் இல்லை. உட்புகுந்த கலவையிற் சிறிது வந்த வழியே திரும்பித் தள்ளப்படுகிறது. சங்கிலி நீண்டு தளர்ந்தால் வால்வு இன்னும் பிந்தி மூடும், இழப்பும் பெருகும். பழுதுபார்த்தவர் சங்கிலியை ஒரு பல் பிசகி மாட்டிவிட்டாலோ கேட்கவே வேண்டாம். கிராங் தண்டின் சில்லுக்கு 20 பற்கள் இருப்பின், ஒரு பல்லின் பிசகு 18 பாகையாகும்.

தீப்பொறி பிந்தினாலும் இதே இளைப்புத் தோன்றும். ஆதலால் அதனையும் வால்வு இடைவெளியையும் முதலிற் சரிபார்த்தல் வேண்டும். அடுத்து அமுக்கமானி. ஓர் உருளையில் மட்டும் அமுக்கம் தாழ்ந்திருந்தால், எரிந்த வால்வையோ கிழிந்த காஸ்கெற்றையோ ஐயுறலாம். நான்கிலும் ஒரே அளவாய்த் தாழ்ந்திருந்தால், பிளக் துளைவழியே ஒவ்வொன்றிலும் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அளவு நன்கு உயர்ந்தால் குற்றம் வளையங்களுடையது. உயராவிடின் காம் தண்டின் பக்கம் திரும்ப வேண்டியதுதான். இச்சிறு சோதனையைச் செய்யாமலே எஞ்சினைப் பிரிப்பது வீண் அவசரம்.

சங்கிலியின் தளர்வை உறையைக் கழற்றாமலே அறியலாம். பிளக்குகளையும் டிஸ்ரிபியூற்றர் மூடியையும் எடுத்துவிட்டு, நான்காம் கியரில் இட்ட காரை ஒருவர் மெல்ல முன்னும் பின்னும் தள்ள, மற்றொருவர் உள்ளே நோக்கவேண்டும். டிஸ்ரிபியூற்றரைச் சுழற்றுவது காம் தண்டே. கிராங் கப்பி திசைமாறிப் பல பாகை திரும்பிய பின்னும் ரோட்டர் அசையாது நின்றால், தளர்வு பெரிது.

பின்னர் உறையைத் திறந்து, இரு சில்லுகளிலும் பொறித்த புள்ளிகள் நேருக்கு நேர் நிற்கின்றனவா என்று பார்க்கவேண்டும். நில்லாவிடின் சரியாக மாட்டுவதே மருந்து. நின்றும் சங்கிலி தொய்ந்திருந்தால் புதுச் சங்கிலி தேவை. பற்கள் கொக்கிபோல் தேய்ந்திருப்பின் சில்லுகளையும் உடன் மாற்றவேண்டும்.